ஹாலுக்குள் ஒரு கொட்டகை: பிள்ளைகளுக்கு 'மெக்கன்னாஸ் கோல்டு' காட்டிய வேலை

படம் கையில் இருந்தது. இல்லாதது தியேட்டர்தான். அதனால் இந்தப் பதிவில் படத்தைப் பற்றிய பேச்சைவிட ஃப்ளெக்ஸ், ஐலெட், சைக்கிள் டியூப், கறுப்பு சார்ட் பற்றிய பேச்சு அதிகமாக இருக்கும்.

'மெக்கன்னாஸ் கோல்டு' என்ற ஹாலிவுட் படம் 1969-இல் வந்தது. அமெரிக்காவில் பெரிதாகப் போகவில்லை. இந்தியாவிலும் சோவியத் ஒன்றியத்திலும் பெரும் ஓட்டம். நம் ஊர்களில் வரும், போகும், சில வருடம் கழித்துப் புது போஸ்டரோடு மறுபடி வரும். மாமா கூட்டிப்போய் நான் பார்த்தது எண்பதுகளின் தொடக்கத்தில், திண்டுக்கல்லில், அப்படி ஒரு மறுவெளியீட்டில்தான். படம் முழுக்கத் தேய்ந்த பிலிமின் மழைக் கோடு. வசனம் ஒன்றும் புரியவில்லை. தங்கம் கொட்டிக் கிடக்கும் பள்ளத்தாக்கு, அதற்கு வழிகாட்டும் வரைபடத்தை நெருப்பில் போட்டுவிட்டு வழியைத் தலைக்குள் வைத்திருக்கும் மார்ஷல், அவரைக் கடத்திப் போகும் கொள்ளைக்காரன், பின்னாலேயே குதிரைப்படை. இதற்கு வசனம் எதற்கு?

மகளுக்கு 11 வயது, மகனுக்கு 8. இதை அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றியதும், எதைக் காட்டப்போகிறோம் என்று கொஞ்சம் யோசித்தேன். எனக்கு ஞாபகம் இருப்பதில் பாதி படத்தில் இல்லை. இருட்டு, தலைக்கு மேலே போன ஒளி, நெஞ்சில் வந்து இடித்த குளம்புச் சத்தம், நடுவில் நிறுத்த யார் கையிலும் பொத்தான் இல்லாதது, இதெல்லாம் சேர்ந்ததுதான் எனக்கு அந்தப் படம். டிஸ்கை டிவியில் போட்டுவிட்டு "பாருங்கடா, எங்க காலத்துப் படம்" என்றால் பத்து நிமிடத்தில் ஒருவன் ரிமோட்டைத் தேடுவான், இன்னொருத்தி தண்ணீர் குடிக்கப் போவாள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அகன்ற பாலைவனத்தை 43 அங்குலத்தில், ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்க்கச் சொன்னால் நானும் எழுந்து போவேன். ஆக, வேலை செய்ய வேண்டியது அறையில்.

ப்ரொஜெக்டரில் இருந்து தொடங்குகிறேன். நண்பர் ஒருவரின் டியூஷன் சென்டரில் சும்மா கிடந்த பழைய டி.எல்.பி. ப்ரொஜெக்டர், முழு எச்.டி. புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பெட்டியில் ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும் 'லூமென்' எண்ணை அப்படியே நம்பாதீர்கள். 'ஆன்சி லூமென்' (தரநிலை முறைப்படி அளந்த வெளிச்சம்) என்று எவ்வளவு போட்டிருக்கிறது என்று தேடிப் பாருங்கள். போடவே இல்லையென்றால் அதுவும் ஒரு தகவல்தான். எனக்குக் கிடைத்த ப்ரொஜெக்டர் 2,200 ஆன்சி லூமென் என்கிறது. ஆனால் பல்பு பழையது. இந்த வகைப் பல்புகளின் ஆயுள் என்று கம்பெனிகள் சொல்வது வெளிச்சம் பாதியாகக் குறையும் வரையிலான நேரத்தை. அதனால் பாதிக் கணக்காக 1,100 என்றே வைத்துக்கொண்டேன்.

அது போதுமா? டிஜிட்டல் சினிமாத் திரைக்கு வைத்திருக்கும் தரநிலை 14 ஃபுட்-லேம்பெர்ட் (திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு). சாதாரண வெள்ளைத் திரை என்றால் சதுர அடிக்குச் சுமார் 14 லூமென் விழ வேண்டும் என்று கணக்கு. என் திரை 8 அடி அகலம், நாலரை அடி உயரம், சுமார் 36 சதுர அடி. பதினாலால் பெருக்கினால் 500 சொச்சம். தாராளமாகப் போதும், ஆனால் அறை உண்மையிலேயே இருட்டாக இருந்தால்தான். ஜன்னல் இடுக்கில் பகல் வெளிச்சம் வந்தால் 3,000 லூமென் இருந்தும் பிரயோசனம் இல்லை. பணத்தைப் ப்ரொஜெக்டரில் போடுவதற்கு முன் இருட்டில் போடுங்கள் என்பது என் கட்சி. இருட்டு மலிவு.

தூரக் கணக்கு எளிது. மேனுவலில் 'த்ரோ ரேஷியோ' என்று ஒரு எண் இருக்கும். இதில் 1.4. எட்டடி அகலம் வேண்டும் என்றால் 8 × 1.4, அதாவது லென்ஸிலிருந்து திரைக்கு 11 அடிக்குச் சற்று மேல். எங்கள் ஹால் பதினாலடி. பின்சுவரை ஒட்டி நிற்கும் இரும்பு பீரோவின் தலை இதற்கென்றே அமைந்ததுபோல் இருந்தது. பக்கவாட்டில் வைத்துவிட்டு 'கீஸ்டோன்' போட்டுப் படத்தை நேராக்கலாம் என்று பலர் சொல்வார்கள். அது படத்தின் ஓரங்களை மென்பொருளில் அமுக்கி நேராக்கும் வேலை; அதில் புள்ளிகள் போய்விடும். பீரோவை அரை அடி நகர்த்திவிட்டால் தீர்ந்தது. பீரோவை நகர்த்தியதில் ரொம்ப நாளாகக் காணாமல் போயிருந்த கேரம் ஸ்ட்ரைக்கர் கிடைத்தது தனி.

உள்ளே தூசி அடைத்திருந்தது. காற்று போகும் ஜாலிகளை ப்ளோயர் வைத்து ஊதி எடுத்தேன், அணைத்து முழுக்க ஆறிய பிறகு. இந்த ரகப் பல்பு கொதிக்கும் சூட்டில் எரிகிறது. அணைத்த பிறகும் ஃபேன் கொஞ்ச நேரம் ஓடி அதை ஆற வைக்கும். அந்த நேரத்தில் கரண்ட் போனால் பல்புக்கு ஆபத்து. நம் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று யார் சொல்ல முடியும்? ப்ரொஜெக்டரை வீட்டு இன்வெர்ட்டர் லைனில் உள்ள பாயிண்டில்தான் சொருகினேன்.

இனி திரை. இதில்தான் எனக்கு அதிகம் பிடித்த வேலைகள் இருந்தன. காடாத் துணி, வெள்ளைச் சுவர், ஃப்ளெக்ஸ் மூன்றையும் எடைபோட்டேன். சுவரில் நடுவாந்தரமாக ஸ்விட்ச் போர்டு. காடாத் துணி பழைய டூரிங் டாக்கீஸ் முறை. பின்னால் ஸ்பீக்கர் வைத்தால் சத்தம் அதன் வழியாக வரும் என்பது பெரிய வசதி. தியேட்டர் திரைகளில் பொடிப்பொடியாகத் துளை போட்டிருப்பதும் அதற்குத்தான். ஆனால் சத்தம் ஊடுருவும் துணியில் வெளிச்சமும் ஊடுருவிப் பின்சுவருக்குப் போய்விடும். படம் மங்கும். ஃப்ளெக்ஸில் அந்தப் பிரச்சினை இல்லை. அதிலும் 'பிளாக்பேக்' என்று கேட்டு வாங்க வேண்டும். முன்பக்கம் வெள்ளை, பின்பக்கம் கறுப்பு. அடிக்கடி வேட்பாளர்களும் காதணி விழாக் குழந்தைகளும் சிரிக்கும் அதே சரக்குதான், அச்சடிக்காமல் வெறுமனே.

கடையில் "ஒண்ணுமே அடிக்க வேண்டாமாண்ணே? ஒரு ஃபோட்டோவாச்சும்?" என்று அந்தத் தம்பி இரண்டு தடவை கேட்டான். பளபளப்பு இல்லாத மேட் சரக்கு என்று அழுத்திச் சொல்லுங்கள். பளபளப்பு இருந்தால் நடுவில் பல்பின் வெளிச்சம் ஒரு வட்டமாகத் தெரியும். மேலும் கீழும் பைப் நுழைகிற மாதிரி 'பாக்கெட்' ஒட்டிக் கொடுப்பார்கள், ஓரங்களில் ஒரு அடிக்கு ஒன்று என்று ஐலெட் (கயிறு கோக்கும் உலோக வளையம்) அடித்துக் கொடுப்பார்கள். இரண்டையும் செய்து வாங்கினேன். சுருட்டித்தான் எடுத்து வர வேண்டும். மடித்தால் அந்தக் கோடு போகவே போகாது. திரையின் மொத்தச் செலவு, நாங்கள் நாலு பேர் மால் தியேட்டருக்குப் போய் பாப்கார்னும் வாங்கினால் ஆகும் செலவுக்குள் முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் தொங்கவிட்டால் சுருண்டு நிற்கும். மொட்டைமாடியில் வெயிலில் விரித்து, நாலு மூலையிலும் செங்கல் வைத்து ஒரு மத்தியானம் விட்டேன். சூட்டில் தளர்ந்து தட்டையாகிவிட்டது. பிறகு மேல் பாக்கெட்டில் ஒன்றே கால் அங்குல பி.வி.சி. பைப் நுழைத்து, பரணின் கொக்கிகளில் கயிறு கட்டித் தூக்கினேன். கீழ் பாக்கெட்டுக்கு உள்ள பைப்பில் மணல் நிரப்பி இரண்டு பக்கமும் மூடி போட்டேன். மணல் நிரப்பும் பொறுப்பு மகனுடையது. பாதி மணல் பைப்பில், மீதி ஹாலில்.

மணல் எதற்கென்றால் ஃபேனுக்கு. ஏப்ரல் மாதம் திண்டுக்கல்லில் ஃபேன் இல்லாமல் இரண்டு மணி நேரம் உட்கார முடியாது. ஃபேன் போட்டால் திரை மூச்சு விடும், உள்ளே போய் வெளியே வரும், குதிரைகள் எல்லாம் நெளியும். கீழே கனம் ஏறியதும் பாதி அடங்கியது. மீதிக்குச் சைக்கிள் டியூப். பழைய டியூபைக் குறுக்கே விரல் அகலத்துக்கு வெட்டினால் நல்ல ரப்பர் வளையங்கள் கிடைக்கும். அவற்றைக் கோத்து, பக்கவாட்டு ஐலெட்களில் மாட்டி, ஒரு பக்கம் ஜன்னல் கம்பியிலும் மறுபக்கம் சுவரில் அடித்த ஆணிகளிலும் இழுத்துக் கட்டினேன். கயிறாக இருந்தால் ஒரு இடத்தில் இறுக்கினால் இன்னொரு இடத்தில் சுருக்கம் விழும். ரப்பர் தானே இழுப்பைச் சமன் செய்துகொள்கிறது. இதற்கு எந்தக் கடைச் சாமானும் ஈடில்லை.

அடுத்தது கறுப்பு. படத்தின் அகலம் உயரத்தைப்போல 2.35 மடங்கு. ப்ரொஜெக்டர் தருவதோ 16:9, அதாவது 1.78 மடங்கு. ஆகவே மேலும் கீழும் வெறுமையான பட்டைகள் வரும். அவை கறுப்பு என்று பெயர்தான். ப்ரொஜெக்டரால் கறுப்பை அடிக்க முடியாது, சாம்பலாகத் தெரியும். எட்டடி அகலப் படத்துக்கு உயரம் 3 அடி 5 அங்குலம் போதும். மிச்சத்தை மேலே ஆறரை அங்குலம், கீழே ஆறரை அங்குலம் என்று கறுப்பு வெல்வெட் துணியால் மறைத்தேன், வெல்க்ரோ ஒட்டி. பருத்தித் துணியைவிட வெல்வெட் வெளிச்சத்தை நன்றாக விழுங்குகிறது. இந்தச் சின்ன வேலைக்குப் பிறகு படம் திடீரென்று அகலமாகிவிட்டது. உண்மையில் ஒரு அங்குலம்கூடக் கூடவில்லை. மனைவி அதுவரை "ஏங்க, இவ்வளவு மெனக்கெடணுமா" என்று கேட்டுக்கொண்டிருந்தவர், வெல்வெட் ஏறியதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஜன்னல்களுக்குக் கறுப்பு சார்ட். அதன் மேல் பழைய கம்பளி. கதவு இடுக்கில் சுருட்டிய பாய். இதெல்லாம் எல்லாரும் செய்வது. ஆனால் விளக்கை அணைத்துக் கண் பழகிய பிறகு பார்த்தால்தான் வீட்டில் எத்தனை குட்டி விளக்குகள் எரிகின்றன என்று தெரியும். ரவுட்டர், ஸ்டெபிலைசர், டிவியின் சிவப்புப் புள்ளி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், இன்வெர்ட்டர். மகள் கறுப்பு இன்சுலேஷன் டேப்போடு ஊர்ந்து ஊர்ந்து ஒவ்வொன்றையும் கண்டுபிடித்து மூடினாள். இதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிக்கொண்டார்கள்.

சத்தம்தான் படத்தில் பாதி என்பது என் அபிப்பிராயம், சிலர் மறுக்கலாம். புளூடூத் ஸ்பீக்கர் ஒத்துவராது. நொடியில் பத்தில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் மேல் பின்தங்கும். துப்பாக்கிப் புகை முதலில், சத்தம் அப்புறம். பரணில் பழைய அசெம்பிள் ஆம்ப்ளிஃபையர் ஒன்று இருந்தது, ரேடியோ மெக்கானிக் ஒருவர் எப்போதோ செய்து கொடுத்தது; எட்டங்குல ஊஃபர் பெட்டிகள் இரண்டு. லேப்டாப்பை வயரில் இணைத்ததும் 'ம்ம்ம்' என்று ஒரு ஓங்காரம். சார்ஜரைப் பிடுங்கினால் நிற்கிறது, சொருகினால் வருகிறது. அப்படியென்றால் கிரவுண்ட் லூப். லேப்டாப் ஒரு பாயிண்டிலும் ஆம்ப் அறையின் மறுகோடிப் பாயிண்டிலும் எர்த் எடுப்பதால் அந்த வித்தியாசம் ஆடியோ வயருக்குள் 50 ஹெர்ட்ஸாக ஓடுகிறது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாற்றிச் சொருகியதும் முக்கால்வாசி போயிற்று. படம் ஓடும்போது சார்ஜரையே எடுத்துவிடலாம் என்று முடிவு செய்ததும் முழுக்கப் போயிற்று. எர்த் முள்ளை உடைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஷாக் அடித்துச் சாக வேண்டாம்.

ஸ்பீக்கர்களைத் திரைக்கு நேர் கீழே, தரையில் பாய் போட்டு உட்காரும் பிள்ளைகளின் காது உயரத்துக்கு வைத்தேன். மூலையில் தள்ளினால் பாஸ் கூடும், ஆனால் ஷோகேஸ் கண்ணாடியும் உள்ளே இருக்கும் கொலுப் பொம்மைகளும் கிடுகிடுக்கும். காகிதத்தை மடித்துக் கண்ணாடி இடுக்குகளில் செருகினேன்.

சோதனைக்குத் தொடக்கக் காட்சியைப் போட்டேன். செங்குத்துப் பாறைகளுக்கு மேல் பிணந்தின்னிக் கழுகு வட்டமிடுகிறது. குவின்சி ஜோன்ஸ் இசை, ஹோசே ஃபெலிசியானோ குரல். பாட்டு என்னவோ சுருதி ஏறி, கொஞ்சம் அவசரத்தில் பாடுவதுபோல் இருந்தது. டிஸ்கின் நேரத்தைப் பார்த்தால் 123 நிமிடம். படத்தின் நீளம் 128 நிமிடம். ஐந்து நிமிடத்தை எங்கே வெட்டினார்கள்? வெட்டவில்லை. என்னிடம் இருந்தது 'பால்' (PAL) என்ற டிவி முறைக்கான டிஸ்க். சினிமா ஓடுவது நொடிக்கு 24 ஃப்ரேம். பால் டிவி முறையோ 25. பிலிமை அந்த முறைக்கு மாற்றும்போது அப்படியே நொடிக்கு 25 என்று ஓட்டிவிடுவார்கள். 128-ஐ 24-ஆல் பெருக்கி 25-ஆல் வகுத்தால் 122.9. சுமார் 4 சதவீத வேகம், சுருதியிலும் அதே அளவு ஏற்றம். வி.எல்.சி. ப்ளேயரில் வேகத்தை 0.96 என்று வைத்து, அமைப்புகளில் 'டைம் ஸ்ட்ரெச்சிங் ஆடியோ' என்பதை அணைத்துவிட்டால் சத்தமும் கூடவே இறங்கித் தன் இடத்துக்கு வந்துவிடும். அதை அணைக்காவிட்டால் வேகம் மட்டும் குறையும், சுருதி ஏறியபடியே இருக்கும். இந்த அமைப்பை மாற்றிய பிறகு ஃபெலிசியானோ நிதானமாகப் பாடினார். வீட்டில் வேறு யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

டிஸ்கின் 576 வரிகளில், மேலும் கீழும் உள்ள பட்டைகள் போகப் படத்துக்குக் கிடைப்பது சுமார் 435 வரிதான். எட்டடியில் அது கொஞ்சம் மென்மையாகத்தான் இருக்கும். ஏழெட்டு அடி தள்ளி உட்கார்ந்தால் தொந்தரவு இல்லை. நான் பார்த்த பிரதியோடு ஒப்பிட்டால் இது தங்கம்.

படத்தை முதலில் நான் மட்டும் தனியாகப் பார்த்தேன். இது கட்டாயம். நம் நினைவில் குழந்தைப் படமாக இருப்பது நிஜத்தில் அப்படி இருக்காது. நீர்நிலையில் ஒரு நிர்வாணக் குளியல் இருக்கிறது. எட்டு வயதுப் பையனோடும் பாட்டியோடும் பார்க்க வேண்டியதில்லை. கொலைகளும் நிறைய. அவற்றில் பெரும்பாலானதை விட்டுவைத்தேன், குளியலை எடுத்தேன். டிஸ்கிலிருந்து கணினியில் எடுத்து வைத்திருந்த ஃபைலை வெட்ட வேண்டியதில்லை. எம்3யு என்ற ப்ளேலிஸ்ட் ஒன்று எழுதி, அதே ஃபைலை மூன்று தடவை குறிப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் தொடங்கும் நொடி, முடியும் நொடி கொடுத்தால் வி.எல்.சி. அந்தத் துண்டுகளை மட்டும் வரிசையாக ஓட்டும். துண்டு மாறும் இடத்தில் ஒரு நொடி திரை இருளும். ரீல் மாற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொரு துண்டு எல்லையை, கிட்டத்தட்டப் பாதியில், குதிரைப்படையின் நெருக்கடி முற்றும் இடத்தில் வைத்தேன். அது இடைவேளை. ஹாலிவுட்காரர்கள் பெரும்பாலும் இப்படி இடம் விட்டு எடுப்பதில்லை, நம் ஆபரேட்டர்கள்தான் தேடிக் கண்டுபிடித்து வெட்ட வேண்டியிருக்கும். அதில் ஒரு ரசனை வேண்டும் என்று இப்போதுதான் தெரிகிறது.

தமிழ் சப்டைட்டில் நானே எழுதினேன், ஏஜிசப் மென்பொருளில். எல்லா வசனத்துக்கும் போடவில்லை. யார், எங்கே போகிறார்கள், ஏன் சண்டை, இவ்வளவுதான். ஒரு நேரத்தில் ஒரு வரி, மூன்று நான்கு சொல், குறைந்தது இரண்டரை நொடி. ஒரு சிக்கல் வந்தது: சப்டைட்டில் வழக்கமாகக் கீழ்ப்பட்டையில் விழும். அங்கேதான் வெல்வெட் இருக்கிறது. கறுப்பில் எழுத்து காணாமல் போகும். ஸ்டைல் அமைப்பில் கீழ் மார்ஜினைக் கூட்டி எழுத்தைப் படத்துக்குள் தூக்கி வைத்தேன், மஞ்சள் நிறம், கறுப்பு ஓரம். பென்டிரைவில் போட்டு நேராக ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்கிறவர்களுக்கு: பல ப்ளேயர் பெட்டிகளில் தமிழ் உடைந்துதான் வரும். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் தனியாக நிற்கும். லேப்டாப்பிலிருந்து எச்.டி.எம்.ஐ. வழியாக விடுவதுதான் நிம்மதி.

காட்சி நாளன்று வேலைகள் என் கையை விட்டுப் போய்விட்டன. மகள் கடைசிநேரத்தில் ஸ்லைடு போட வேண்டும் என்றாள். நான்தான் பழைய தியேட்டர் கண்ணாடி ஸ்லைடுகளைப் பற்றிச் சொல்லியிருந்தேன். வெள்ளைப் பலகையில் எழுதி ஃபோட்டோ எடுத்தாள்: 'புகை பிடிக்கக் கூடாது', 'தம்பி பக்கத்தில் கால் நீட்டக் கூடாது', 'முறுக்கு இடைவேளையில் மட்டும்: நிர்வாகம்'. தரை டிக்கெட் இரண்டு ரூபாய், சேர் டிக்கெட் ஐந்து. என் அம்மா சேர் டிக்கெட் வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். சீர்காழி கோவிந்தராஜனின் 'விநாயகனே வினை தீர்ப்பவனே' போட்டுத்தான் தொடங்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. டூரிங் டாக்கீஸில் அந்தப் பாட்டு கேட்டால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று ஓடுவார்களாம்.

என் பங்குக்கு ஒரே விதி வைத்துக்கொண்டேன்: வாயைத் திறக்கக் கூடாது. "இப்ப பாரு, இப்ப பாரு" என்று சொல்லும் அப்பாக்களால்தான் பாதிப் படம் கெடுகிறது. ஆபரேட்டர் பீரோ பக்கம் நிற்க வேண்டியவன், அவ்வளவுதான்.

முதல் இருபது நிமிடம் மகன் நெளிந்தான். அவனுக்கு வேகமாகப் படிக்க வராது. பிறகு மகள் தானாகவே சப்டைட்டிலை உரக்கப் படிக்கத் தொடங்கினாள், முதலில் ஏனோதானோ என்று, பிறகு குரல் மாற்றி. கொள்ளைக்காரன் கொலராடோவாக வரும் ஓமர் ஷெரீஃபுக்கு ஒரு கட்டைக் குரல் கொடுத்தாள். ஓமர் ஷெரீஃப் எகிப்துக்காரர், மெக்சிகோ கொள்ளைக்காரனாக நடிக்கிறார், பேசுவது ஒரு திண்டுக்கல் சிறுமி. எனக்கு ஒன்றும் விசித்திரமாகப் படவில்லை. மாமாவும் அன்று இதையேதான் செய்தார், அவருக்கு எழுத்தில்லாமலே கதை தெரிந்திருந்தது அல்லது தெரிந்ததுபோல் சொன்னார். இப்போது படத்தைப் பார்த்ததில் அவர் சொன்ன கதை வேறு என்று தெரிகிறது. அதுவும் நல்ல கதைதான்.

தெப்பம் ஆற்றுச் சுழலில் போகும்போது மகன் எழுந்து நின்றுவிட்டான். அவன் தலையின் நிழல் திரையில் விழுந்தது. "டேய் உக்காருடா!" என்று மகள், அம்மா, மனைவி மூவரும் ஒரே குரலில். எனக்கு எல்லாச் செலவும் அந்த இடத்திலேயே கழிந்துவிட்டது.

எல்லாம் தித்திப்பாக இல்லை. மகள் இடைவேளையில் கேட்டாள்: "அப்பாச்சிங்க எல்லாம் ஏம்ப்பா சும்மா கத்திக்கிட்டே வர்றாங்க? அவங்க இடம்தானே அது?" சரியான கேள்வி. அப்பாச்சிகள் அமெரிக்கப் பழங்குடி மக்கள்; ஆனால் சாகும் தறுவாயில் வரைபடத்தைக் கொடுக்கும் அப்பாச்சி முதியவராக நடித்த எடுவார்டோ சியானெல்லி இத்தாலியில் பிறந்தவர். ஹெஷ்-கே என்ற அப்பாச்சிப் பெண்ணாக வரும் ஜூலி நியூமரும் பழங்குடிப் பெண் இல்லை. நிழலால் பள்ளத்தாக்கின் வாசலைக் காட்டும் ஒற்றைப் பாறை மட்டும் நிஜம்: அரிசோனாவில் கன்யன் டி ஷே என்ற இடத்தில், நவாஹோ மக்களின் நிலத்தில் இருக்கும் 'ஸ்பைடர் ராக்'. இதைச் சொன்னேன். "அப்ப தங்கம் அவங்களோடதுதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு முறுக்கை எடுத்துக்கொண்டு போனாள். கடைசியில் பள்ளத்தாக்கு இடிந்து விழும் காட்சியில் பொம்மைப் பாறைகள் இன்றைக்கு அப்பட்டமாகத் தெரிகின்றன. யாரும் குறை சொல்லவில்லை. மார்ஷல் ஏறிப்போகும் குதிரையின் சேணப் பையில் தங்கம் இருப்பது அவருக்கே தெரியாது என்பதை மகன்தான் முதலில் கவனித்துக் கூவினான்.

அவர்களை ரொம்ப நாள் பிடித்து வைத்திருந்தது நிழல். படத்தில் சூரியன் உதிக்கிறது, பாறையின் நிழல் தரையில் ஓடி நீண்டு நீண்டு போய்ப் பள்ளத்தாக்கின் வாசலைத் தொடுகிறது. அடுத்த காலை மொட்டைமாடியில் மாப்புக் கட்டையை ஒரு பூந்தொட்டியில் நட்டு, கால் மணிக்கு ஒருமுறை நிழல் நுனியில் சாக்பீஸ் கோடு போட்டார்கள். நிழல் நீளவில்லை. கட்டையை நோக்கித் திரும்பி வந்தது. வெயில் ஏறஏறக் குட்டையாவதுதானே நியாயம். ஸ்பைடர் ராக் சுமார் 240 மீட்டர் உயரம். சூரியன் 5 பாகை மேலே இருக்கும்போது, தரை சமமாக இருந்தால், அதன் நிழல் 2.7 கிலோமீட்டர் போகும். 10 பாகைக்கு ஏறும்போது 1.4 கிலோமீட்டருக்கும் குறைந்துவிடும். அரை மணிக்குள் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நிழல் நுனி ஓடுகிறது என்பது உண்மை, ஆனால் பாறையை நோக்கி. "அப்ப சாயங்காலம் எடுத்திருப்பாங்க" என்றான் மகன். "இல்ல, தலைகீழா ஓட்டியிருப்பாங்க" என்றாள் மகள்.

சரி, பார்த்துவிடலாம் என்று அந்தத் துண்டை மட்டும் எஃப்.எஃப்.எம்பெக் என்ற வீடியோ மென்பொருளில் போட்டுப் பின்னோக்கித் திருப்பினேன். சில நொடிகளுக்கு மேல் கொடுத்தால் கணினியின் நினைவகம் நிரம்பிவிடும், அதனால் சின்னத் துண்டு. மறுபடி திரையைக் கட்டி, டேப் ஒட்டி, விளக்கை அணைத்து ஓட்டினோம். நிழல் இப்போது வானியல்படி சரியாக நடந்துகொண்டது. குதிரைகள்தான் எல்லாம் வாலை முன்னால் விட்டுக்கொண்டு பள்ளத்தாக்கிலிருந்து பின்பக்கமாகப் பாய்ந்து வெளியேறின. இதுவரை வீட்டில் அதிக தடவை ஓடிய காட்சி அதுதான்.